வலது கை உண்டியலுக்குள் இருக்கும்போது சத்தியம் செய்வது எப்படி

நேற்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. குலசேகரம் பக்கம் போய் ஒரு பெட்டியைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டும். மத்தியானச் சோற்றுக்குத் தோவாளை வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று அரிசியைக் களைந்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அப்பாவுக்குக் குலசேகரத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் வேலை. லீவு விட்டால் என்னையும் கூட்டிப்போவார். பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு காப்பிக்கடை. அதற்குள் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நின்றது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே தாம்பாளம் அகலத்துக்கு ஒரு உலோகத் தட்டு, உடம்பெல்லாம் பொத்தல். பக்கவாட்டில் ஒரு பித்தளைத் துவாரம்.

அதில் அரையணா போட்டால் தட்டு மெல்லச் சுழலும். சின்னச் சின்ன வெண்கல மணிகளை யாரோ விரலால் சுண்டிவிடுகிற மாதிரி ஒரு பாட்டு வரும். எஸ்டேட்டை விட்டுப் போன வெள்ளைக்கார துரையின் சாமான்களை ஏலம் போட்டபோது கடைக்காரர் எடுத்தது என்பார்கள்.

இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் நம்பியதில்லை. என் மனைவி, "பொய் சொன்னாலும் நம்புகது மாதிரி சொல்லணும்லா" என்பாள். அவள் போனபிறகு, நம்பாமல் இருக்கும் பொறுப்பைச் சென்னையில் இருக்கும் மகள் சுபா ஏற்றுக்கொண்டாள்.

போன மாதம் அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மிகுந்த கருணையோடு அன்றைக்கே சென்னைக்குத் தகவல் சொன்னார்கள். அடுப்பை விட்டுவிட்டாள் சுபா. பாட்டுப்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். கரண்டே வராத காலத்தில், காசு போட்டால் பாடும் பெட்டி ஒன்று இருந்ததாக அப்பா சொல்கிறார். ஆகவே அப்பாவுக்கு ஞாபகம் கலங்கிவிட்டது. நாகர்கோவிலில் இதற்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டைப் பூட்டி என்னைச் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவாள். பன்னிரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏசியின் முதுகு தெரியும்.

பெட்டி நிஜம் என்று காட்டினால் என் வீட்டில் நான் இருக்கலாம். இல்லாவிட்டால் ஏசியின் முதுகு.

அதனால்தான் முகநூலில் உங்களிடம் கேட்டேன். நீங்களும் கைவிடவில்லை. ஒருவர், அது ரயில்வே ஸ்டேஷனில் நின்ற எடை மிஷின் என்றார். இன்னொருவர், தீபாராதனைக்குத் தானே அடிக்கும் மோட்டார் மேளம் என்று படமே போட்டார். வேறொருவர், "கரண்ட் இல்லாம காத்தக் குடிச்சா பாடிச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார். அதற்குத்தான் அதிகம் பேர் சிரித்திருந்தீர்கள்.

குவைத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி மட்டும் உருப்படியாக எழுதினார். டிஸ்க் மியூசிக் பாக்ஸ் என்று பேராம். கடிகாரம் மாதிரி சாவி கொடுத்து வைத்தால் போதும், கரண்ட் வேண்டாம். தட்டின் அடியில் இருக்கும் கொக்கிகள் சுற்றிவந்து ஒரு எஃகுச் சீப்பின் பற்களைச் சுண்டுமாம். அங்கே ஒரு கடையில் அலங்காரத்துக்கு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அவருக்கும் ஊர் குலசேகரம் பக்கம்தான். காப்பிக்கடையை இடித்தபோது அந்தப் பெட்டியை ரோட்டோர இசக்கியம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள், இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது என்றும் எழுதியிருந்தார்.

கோயிலுக்கு எதற்கு என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கோயில் ஒரு வளைவில் இருக்கிறது. காணிக்கை போடாமல் எந்த வண்டியும் அதைத் தாண்டாது. என் பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் காசோடு இறங்கினார், பின்னாலேயே நானும் இறங்கினேன். அவர் காசைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காசு விழுந்த பெட்டியைப் பார்த்தேன். என் பெட்டி.

மஞ்சளும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கண்ணாடி போன இடத்தில் தகரம், அதன்மேல் கனத்த பூட்டு. நெற்றியில் 'காணிக்கை'. ஆனால் பக்கவாட்டில் அதே பித்தளைத் துவாரம். காசு போட ஓட்டையும் போட்டு, கதவும் வைத்து, ஓசியில் ஒரு பெட்டி கிடைத்தால் எந்தக் கமிட்டி வேண்டாம் என்று சொல்லும்?

போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே ஃபோன் வந்தது.

"அப்பா, இது உண்டியல்."

உண்டியல்தான், ஆனாலும் பாட்டுப்பெட்டி என்றேன்.

சின்னப்பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில், வெயிலில் நிற்க வேண்டாம், தண்ணீர் குடியுங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் ஃபோனை அவர்களிடம் கொடுங்கள் என்றாள். இனித் திங்கட்கிழமை வரை பொறுக்க முடியாது, இன்றைக்கே ரயிலுக்கு டிக்கெட் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆதாரம் அனுப்பி என் நோயை நானே உறுதிசெய்திருந்தேன்.

இனி உள்ளே இருக்கும் தட்டைக் காட்டினால்தான் உண்டு. பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பலகையின் ஒரு மூலையைக் கறையான் தின்று, ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அம்மனைப் பார்த்து அனுமதி கேட்டேன். அவள் மறுக்கவில்லை. ஃபோனோடு வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டேன். ஃப்ளாஷ் அடித்தது. கையை இழுத்தேன். வரவில்லை.

வலது கையிலேயே கட்டிப் பழகிய கைக்கடிகாரத்தின் ஸ்டீல் பட்டை எதிலோ மாட்டியிருந்தது. கூர்மையாக, வரிசையாக, பல் பல்லாக இருந்தது. எஃகுச் சீப்பு! குவைத் தம்பி எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றேன். அதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

ஆட்டோக்காரர் காணிக்கைக் காசோடு இறங்கியவர், என்னைப் பார்த்து, காசைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பாட்டா, அம்மைக்க உண்டியல்ல என்னத்தத் தடவுகீரு?"

இது பழைய பாட்டுப்பெட்டி என்று ஆரம்பித்தேன். அந்தக் கதையைச் சொல்ல இதைவிட மோசமான நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து உண்டியலுக்குள் என் ஃபோன் அடித்தது. சுபாதான். நாதஸ்வரம் முழுசாக ஒரு சுற்று வாசித்து ஓய்ந்தது.

"இதுதானா ஓய் அந்தப் பாட்டு?" என்றார் ஆட்டோக்காரர்.

ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தவர்கள், வேன் டிரைவர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. போலீஸைக் கூப்பிடலாம் என்றார்கள். கோயிலுக்கு விளக்கு வைக்கிற அம்மாதான் என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டாள். போலீஸ் எதற்கு, இசக்கி முன்னால் சத்தியம் செய்துவிட்டுப் போகட்டும் என்றாள். அங்கே வழக்கம் அதுதான். எரிகிற கற்பூரத்தை வலது கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் அதற்குமேல் மனுஷர்கள் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. பொய்ச்சத்தியமாக இருந்தால் அவள் கேட்டுக்கொள்வாள்.

எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. அந்த அம்மா கற்பூரத்தை ஏற்றித் தட்டை என் முன்னால் நீட்டினாள்.

"உண்டியல்ல கை வைக்கலன்னு அடிச்சிச் சொல்லும்."

ஆட்டோக்காரருக்குத்தான் முதலில் உறைத்தது.

"அம்மோ, கை உள்ளேல்லா கிடக்கு?"

இடது கையால் அடிக்கட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தால், உண்டியல் திருட்டைக்கூட மன்னித்திருப்பாள், இதை மன்னிக்க மாட்டாள் என்று தெரிந்தது. அப்படியே அடித்தாலும் என்னவென்று சொல்வது? கை வைத்தேன், எதையும் எடுக்கவில்லை என்றா? கையையே எடுக்க முடியவில்லை என்பதல்லவா நிலவரம்.

கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது. அதையும் எனக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

கமிட்டி பிரசிடெண்ட் சாவியோடு பைக்கில் வந்தார். உண்டியலைக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால், ஊர் கூடி நிற்கும்போதுதான் திறப்பது வழக்கமாம். சுற்றிப் பார்த்தார். ஊர் கூடித்தான் இருக்கிறது, திறக்கலாம் என்றார்.

தகரக் கதவு திறந்தது. சில்லறை சரிந்து காலடியில் கொட்டியது. அதற்குப் பின்னால் துரு ஏறி, ஒட்டடை படிந்து, அந்தத் தட்டு நின்றது. என் கடிகாரத்தைச் சீப்பு கவ்விக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பிரசிடெண்ட் பற்சக்கரங்களுக்கு இடையில் சிக்கியிருந்த காசுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார். நான் கையை உருவினேன்.

உள்ளே எங்கேயோ 'டக்' என்றது. எந்தக் காலத்திலோ யாரோ முறுக்கி வைத்த வில் அவிழ்ந்திருக்க வேண்டும். தட்டு முனகிக்கொண்டு கால் சுற்றுச் சுற்றியது. ஐந்தாறு மணிச்சத்தம், கோணல்மாணலாக. அதே சத்தம்தான். என் மனைவிக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

இதோ பாருங்கள், நான் சொன்னேனே என்று திரும்பினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. விளக்கு வைக்கிற அம்மா குரவை போட்டுவிட்டாள்.

"அம்மை பாடிட்டாளே மக்கா!"

வில், சீப்பு, ஜெர்மனியோ எங்கேயோ செய்தது என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லி யாரும் நம்பாமல் நிற்பது எனக்குப் பழகிய இடம். போலீஸைக் கூப்பிடச் சொன்னவரே கும்பிட்டபடி வந்து, தன் மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று என்னைக் கேட்டார். நெற்றி நிறையக் குங்குமம் பூசி, அதே ஆட்டோவில் ஏற்றி, காசு வாங்காமல் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

வீடு வந்து சேர்வதற்குள், கூட்டத்தில் யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ எனக்கு முன்னால் சென்னை போய்ச் சேர்ந்திருந்தது. சுபா கூப்பிட்டாள். முழுசாகப் பார்த்துவிட்டாளாம். பெட்டி, துவாரம், தட்டு, சத்தம் எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறதாம். "ஒங்க ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லப்பா. அந்த டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

ரயில் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யவில்லையாம். உண்டியலுக்குள் கையை விட்டுக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறவர்களுக்குத் தனியாக வேறு டாக்டர் இருக்கிறாராம்.

ஞாபகம் சரியாக இருக்கிறது என்று நிரூபித்தாகிவிட்டது. புத்தி சரியாக இருக்கிறது என்று காட்டத்தான் குலசேகரத்தில் ஒரு பெட்டியும் இல்லை.