டிரைவர் சீட்டில் போட்ட துண்டு

மயூர் விஹார், டெல்லி
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய பாளையங்கோட்டை அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் ரத்தினவேல் இரு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், கோமளா, மகள் மேதா மூவரும் சௌக்கியம். உங்கள் மனைவியும் என் உடன்பிறந்தவளுமான காந்திமதி அக்காவும் சௌக்கியம். மேலே உள்ள இந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து இன்னொரு தரம் படிக்கவும். ஜெயித்துவிட்டோம் அத்தான்! ஃபோனில் சொன்னால் பாதியிலேயே "சரிடே, கடையில ஆள் நிக்கு" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் மத்திய சர்க்காரில் ஆயுசெல்லாம் ஃபைலில் நோட் எழுதிய கையால் விரிவாக எழுதுகிறேன்.

அக்காவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்து இங்கே கூட்டி வந்தபோது டாக்டர் என்ன சொன்னார்? தினம் ஒரு மாத்திரை போதும், ஆனால் ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். நீங்களோ, "அவ மாத்திரை போடலைன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன், இங்கன நாட்டு வைத்தியம் பாத்துக்கிடுதேன்" என்று மிரட்டினீர்கள். அதோடு நின்றீர்களா? "உன் மக பத்து வருசமா என்னத்தடே படிக்கா, டாக்டருமில்ல கம்பவுண்டருமில்ல" என்று ஒரு குத்து வேறு. அத்தான், நம் மேதா லேபில் செய்வது இதே ஜாதி மருந்துதான். உடம்பில் எக்குத்தப்பாக ஓடுகிற என்சைமைப் பிடித்து நிறுத்துகிற மருந்து. அதனால் அவளையே அக்காவுக்கு விளக்கச் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை.

மேதா டெல்லியில் பிறந்த பிள்ளை, தமிழ் அவளுக்கு அரைகுறை. "அத்தை, சுனோ நா, கேளுங்க, என்சைம்ல ஒரு பாக்கெட் இருக்கு, மருந்து அதுல போய் உட்காந்துடும்" என்று ஆரம்பித்தாள். "யாரு பாக்கெட்ல யாருட்டி கைய விடுதா?" என்றாள் அக்கா. பிள்ளை தவித்துப்போய், இந்த மருந்து வகைக்குப் பேரான இன்ஹிபிட்டருக்குத் தமிழில் என்ன என்று யோசித்து யோசித்து, "தடை மாத்திரை அத்தை!" என்று போட்டாளே ஒரு போடு! அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "ஏல ரத்தினம், எனக்கு அறுவத்தி நாலு வயசு. உங்க அத்தான் அங்கன பாளையங்கோட்டையில இருக்காரு. எனக்கு எதுக்குல தடை மாத்திரை?" என்று கத்தியதில், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செங்கம்மாள் குக்கரைக் கீழே போட்டாள். அவள் அதை எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் எந்த இந்தியில் சொன்னாளோ தெரியாது, சாயங்காலம் அந்த ஆன்ட்டி லட்டு டப்பாவோடு வந்து "பதாய் ஹோ பெஹன்ஜி" என்று வாழ்த்தி அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா லட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பிடிவாதம். காலையில் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைக் கையில் கொடுப்பேன், "பொறவு போடுதேன், போ" என்பாள். பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியைப் பார்த்தால் மாத்திரை தண்ணீரில் ஊறி மாவாகிக் கிடக்கும். எனக்கு இருப்பது ஒரே அக்கா. உங்களிடம் சொல்லவும் பயம், டாக்டரிடம் சொல்லவும் பயம். இதற்கு நடுவில் கோமளா வேறு, "என் கால்சியம் மாத்திரை ஜல்தி ஜல்தி தீந்துபோகுது, முட்டி வலி தாங்கலை" என்று ஒரு பக்கம் அனத்திக்கொண்டிருந்தாள். மேதா மட்டும் அசரவில்லை. லேபே கதி என்று கிடந்த பிள்ளை, தினமும் சாயங்காலம் ஓடி வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள்.

இப்படி இரண்டு மாதத்துக்கு மேல் போன பிறகு ஒருநாள் எனக்குப் பொறி தட்டியது. தோளில் கிடந்த துண்டை உருவி சாப்பாட்டு நாற்காலியில் விட்டெறிந்தேன். "அக்கா, ஜங்ஷன்ல திருச்செந்தூர் பஸ் வந்ததும் ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பியே, நினைவிருக்கா? மாத்திரை அந்தத் துண்டு. என்சைம்ல இருக்கிற பாக்கெட்தான் சீட்டு. துண்டு கிடந்தா வேற எவனும் உக்கார முடியாதுல்லா?" அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சவத்து மூதி, பயணி சீட்ல துண்டு கெடந்தா பஸ் நிக்குமா? டிரைவர் சீட்ல கெடந்தால்லா நிக்கும்!" என்றாள். மேதா துள்ளிவிட்டாள். "அத்தை, அதேதான்! அந்த என்சைம்தான் கெட்ட செல்லைப் பெருக வைக்கிற பஸ். டிரைவர் உட்கார இடமில்லைன்னா வண்டி நகராது!" என்றாள். "பொறவு தினமும் எதுக்கு?" என்று கேட்டாள் அக்கா. "துண்டு வழுக்கிக் கீழ விழுந்துடும் அத்தை, புதுசா போட்டுக்கிட்டே இருக்கணும்." சொன்னால் நம்பமாட்டீர்கள், அக்கா கை நீட்டி மாத்திரையை வாங்கி, எங்கள் எதிரிலேயே முழுங்கினாள். நான் அழுதுவிட்டேன்.

அது நடந்து மூன்று வாரம். நேற்று ரிப்போர்ட் வந்தது. கெட்ட அணுக்கள் மளமளவென்று இறங்கியிருக்கின்றன. அவள் மாத்திரையை எறிந்த கதையை அப்போதுதான் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "மூணு வாரத்துல இவ்வளவா? இதுக்கு மூணு மாசமாவது ஆகுமே அங்கிள்ஜி, கமால் ஹை!" என்று அதிசயித்தார். நான் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டேன். மேதா தன் லேபிலும் இந்தத் துண்டைச் சொல்லித்தான் விளக்கினாளாம். அவள் செய்துகொண்டிருப்பது வழுக்காத துண்டு, சீட்டோடு சேஃப்டி பின் குத்திய துண்டு என்றதும் புரொபசரே கை தட்டினாராம். இனி யாராவது உங்களிடம் மேதா என்ன படிக்கிறாள் என்று கேட்டால், டிரைவர் சீட்டில் துண்டு போடுகிறாள் என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

நீங்கள் நாட்டு வைத்தியரிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும் தேதியை ரத்து செய்யவும். உங்களுக்கும் கடைக்கும் நெல்லையப்பர் ஒரு குறையும் வைக்காமல் காப்பார். கீழே அக்கா இரண்டு வரி எழுதி அவளே தபாலில் போடுவதாகச் சொல்கிறாள். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம், நான் படிக்கமாட்டேன்.

என்றும் உங்கள் பிரியத்துக்குரிய,
ரத்தினவேல்

பி.கு.: நான் காந்திமதி எழுதுதேன். தம்பி எழுதினதை நம்பாதீங்க. மொத நாள்லேருந்தே மாத்திரையை ஒழுங்கா முழுங்கிட்டுத்தான் இருக்கேன். சாவ எனக்கு மனசில்லை. தொட்டியில கெடந்ததெல்லாம் கோமளாவோட கால்சியம் மாத்திரை. தடை மாத்திரைக்கு அர்த்தம் தெரியாதவளா நான்? இந்த ஊருக்கு வந்தப்ப மேதா என்கிட்ட "நமஸ்தே அத்தை"க்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டா. நான் மாத்திரை வேண்டாம்னு சொன்னப்புறம் தினமும் ஒரு மணி நேரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு தமிழ்ல பேசுனா. அதை விட மனசு வரலை. இப்பம் ரிப்போர்ட் நல்லா வந்துட்டுல்லா, நேத்து சாயங்காலம் பிள்ளை வரலை. ராத்திரி மருந்துன்னு டாக்டர் புதுசா ஒண்ணு எழுதியிருக்காரு பாருங்க, அதனால அது எதுக்குன்னு எனக்கு சுத்தமா புரியவே இல்லை, பிள்ளை வந்துதான் சொல்லணும். தம்பிகிட்ட மூச்சு விட்டுராதீங்க, குளிக்கப் போனாக்கூட அந்தத் துண்டைத் தோள்லேருந்து எறக்கமாட்டேங்கான்.