கடுமருந்தில் வந்த மீசை

கம்பம்,
சித்திரபானு வருடம், ஐப்பசி

பெரியகுளத்தில் சீருடன் வாழும் மாமா அவர்கள் சமூகத்துக்கு மருமகன் கர்ணன் தெண்டனிட்டு எழுதியது. இங்கு யாவரும் சுகம். தாங்களும் தங்கள் மாந்தோப்பும் சுகமாயிருக்க சுருளி வேலப்பர் துணை.

போட்டோக் கடையை மூடிவிட்டுத் தோப்புக்கு வரச்சொல்லி எழுதியிருந்தீர்கள். அதற்கு இதுவே பதில். காமயகவுண்டன்பட்டி மொக்கம்மாள், பர்மாவில் குண்டு விழுந்த நாள்முதல் தகவலில்லாத தன் புருசன் அம்மாவாசியின் படத்தைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தாள். முகம் இருந்த இடத்தில் வெளிறிய மஞ்சள்தான் மிச்சம். "உசுரோட இருக்காகளோ இல்லையோ, பாக்க ஒரு முகம் வேணும்ணே" என்றாள். அதைப் போட்டோப் பொட்டியால் கண்ணாடிப் பிளேட்டில் மறுபடி பிடித்து, சாதா மருந்தில் கழுவினால் நகலும் சாம்பலாய்த்தான் வரும். கறுப்பையும் வெள்ளையையும் வெட்டிப் பிரிக்கிற கடுமருந்து வேண்டும். அந்தப் பொட்டலமோ சண்டையால் சீமையிலிருந்து வருவதில்லை. நானே கலக்க இறங்கினேன். ஹைட்ரோகுயினோனும் சல்பைட்டும் மதுரையில் அகப்பட்டன. காஸ்டிக் சோடா சோப்புக் காய்ச்சுகிறவரிடம். புரோமைடுக்குக் கம்பவுண்டரிடம் போனால், "வீட்ல யாருக்கு வலிப்பு?"ன்னு கேக்குறாக. "படத்துக்குங்க"ன்னேன். என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டுத்தான் குடுத்தாக.

வீட்டுக்கு வந்து காஸ்டிக்கத் தண்ணியில போட்டேன் பாருங்க மாமா, அடுப்பில்லாமக் கொதிக்குது, பொசுபொசுன்னு நுரை பொங்குது, அடியிலருந்து ஒழுகுது. நீங்க சீர் குடுத்த அலுமினியக் குண்டான்தான். அந்தக் காஸ்டிக்கு அலுமினியத்தத் தின்னும்னு எந்த வாத்தியாரு எனக்குச் சொன்னாரு? ஒங்க மக அய்யம்மா ஓட்டை வழியாப் பாத்து, "இதுலயே ஒங்க மூஞ்சி நல்லாத் தெரியுது, எதுக்குப் பொட்டி?"ன்னா. நான் அசரல. ஊறுகாய் ஜாடியில பாதி, கண்ணாடிச் சீசாவுல பாதின்னு தனித்தனியாக் கரைச்சு, செவப்பு விளக்குல ஒண்ணாச் சேத்து, பிளேட்டக் கழுவி, காகிதத்துல அச்சுப் போட்டா, மொதல்ல மீசை வந்துச்சு. பெறகு புருவம். பெறகு கண்ணு. கையெல்லாம் எரியுது, எனக்கு ஒண்ணுமே தெரியல. மூக்கு மட்டும் வெள்ளையில கரைஞ்சுபோச்சு. பென்சிலால நானே எடுப்பா ஒண்ணு வச்சேன். மொக்கம்மா ரொம்ப நேரம் பாத்தா. "எம்புட்டு அழகா இருக்காக"ன்னு சொல்லி, முந்தானையில மூடி எடுத்துட்டுப் போனா. இந்தப் பள்ளத்தாக்குல இப்படி மருந்து கலக்க ஒங்க மருமகன விட்டா ஆளில்ல. தோப்புக்கு வேற ஆள் பாருங்க.

அத்தைக்கு எங்கள் வணக்கம். மரமெல்லாம் கிளை தாழக் காய்க்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
கர்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அம்மாவாசியே கடைக்கு வந்துவிட்டார். பர்மாவிலிருந்து நடந்தே வந்தாராம். தாடியும் எலும்புமாக, கையில் படத்தோடு நின்றார். "அண்ணே, எங்க வீட்டுச் செவத்துல தொங்குன இந்த ஆளு யாரு?" என்றார். "நீங்கதான்" என்றேன். பின்னாலேயே வந்த மொக்கம்மாள் படத்தை வாங்கிச் சேலையால் துடைத்து, "இவுக செவத்துலயே இருக்கட்டும். நீங்க சாப்பிட வாங்க" என்றாள்.