அமெரிக்காவுக்குப் போணி

ஜவ்வாது மலையில் இதுவரை திறந்து மூடிய அத்தனை புதுக்கடைகளுக்கும் முதல் வாடிக்கையாளர் ஒரே ஆள்தான். அவர் எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர், ஒடுகத்தூர்க்காரர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் போணி அண்ணன்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஜமுனாமரத்தூரில் ஒரு கடைக்கு எதிரே இன்னொரு கடை வந்தால் ஊர் அவசரப்படாது. யாராவது போகட்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கும். எல்லோரும் இப்படியே காத்திருந்தால் கடைக்காரன் என்ன ஆவான் என்று கவலைப்பட்ட ஒரே ஜீவன் போணி அண்ணன். அதனால் விளக்கேற்றி, சூடம் காட்டி, கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கும்போது முதல் போணி பண்ண இவர் எதிரே நிற்பார்.

"பழைய கடைக்கு ஊரே கீது சார். புதுசா தொறந்தவனுக்கு யார் கீறாங்க?" என்பார்.

மார்கழிப் பனியில் ஒருவர் ஜூஸ் கடை திறந்தார். மலையில், மார்கழியில், ஜூஸ் கடை. போணி அண்ணன் குல்லா, மப்ளர் சகிதமாகப் போய், ஐஸ் போட்டு ரெண்டு சாத்துக்குடி ஜூஸ் குடித்தார். தும்மலுக்கு நடுவே "ஜோரா கீது" என்று சர்டிபிகேட்டும் கொடுத்தார். தை பிறப்பதற்குள் கடை மூடியது. அவருடைய சளி மாசி வரைக்கும் இருந்தது.

அடுத்து ஒரு சலூன். முதல் வாரத்திலேயே ரெண்டு தடவை முடி வெட்டிக்கொண்டார். மூன்றாவது தடவை "வெட்றதுக்கு ஒண்ணும் இல்லண்ணா" என்று சலூன்காரர் கெஞ்சியதும் புருவத்தைக் காட்டினார். அந்தக் கடையும் போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் ஜீப் மெதுவாகப் போனாலே புதுக்கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "இன்னும் தொறக்கலண்ணா, நாளைக்கு வாங்க" என்று உள்ளேயிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.

இது மலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் போனில் எதையோ தேடப்போய், ஹெல்மெட் போட்ட ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவதைப் பார்த்துவிட்டார். அமெரிக்க ஃபுட்பால். அதிலே பெரிய லீக் ஒன்று காலம் காலமாக இருக்கிறது. அதற்கு எதிரே புதுசாக இன்னொரு லீக் திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனுஷன் தரையில் நிற்கவில்லை.

"அமெரிக்காக்காரனுக்கு ஒரு லீக் போதாதா அண்ணா?"

"பெரிய லீக்ல எடம் கிடைக்காத புள்ளைங்க எங்க சார் போவும்? அதுங்களும் சின்ன வயசுலேர்ந்து ஓடினதுங்கதான?"

ஆட்டத்தையும் அவரே விளக்கினார். "நாலு தபா சான்ஸ் தருவான். அதுக்குள்ள பத்து கஜம் போவணும். போய்ட்டா மறுபடி நாலு. மூணு தபா முட்டியும் போவலன்னா, பயந்தவன் பந்த உதைச்சு எதிராளிகிட்டயே குடுத்துடுவான். தெகிரியம் கீறவன் நாலாவது தபாவும் ஓடிப் பாப்பான்."

அங்கே சனிக்கிழமை சாயங்கால ஆட்டம் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. அந்த நேரத்தில் ஒழுங்காக சிக்னல் கிடைப்பது தண்ணி டேங்க் அடியில் மட்டும்தான். அங்கே டீயும் கையுமாக உட்கார்ந்து, இன்னார் என்றே தெரியாத ஆளைப் பார்த்து "ஓடு ராஜா, ஓடு" என்று கத்துவார். பால் கறக்கப் போகிறவர்கள் தங்களைத்தான் விரட்டுகிறார் என்று வேகமாக நடப்பார்கள்.

அந்த லீக் பாதி சீசனிலேயே மூடிக்கொண்டது. மறுநாள் போணி அண்ணன் துக்கம் அனுசரித்தார். மலைப்பாதை வளைவுகளில் ஹாரன் அடிக்கவில்லை. நான்தான் ஜன்னல் வழியே தலையை நீட்டி "வர்றோம், வர்றோம்" என்று கத்திக்கொண்டே கீழே வந்து சேர்ந்தேன்.

கொஞ்ச காலத்தில் இன்னொரு லீக் வந்தது. அவர்களுக்கு "பயப்படாதீங்க, ஜமுனாமரத்தூர் உங்க பக்கம்" என்று தமிழிலேயே மெசேஜ் போட்டார். ஆதரவுக்கு நன்றி என்று கம்ப்யூட்டர் ஒரு வரி பதில் தட்டியது. அதைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, ஜீப்பில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். லேமினேஷன் போட்டது ஊரின் ரெண்டாவது ஜெராக்ஸ் கடை. கடையும் மூடியது, லீக்கும் மூடியது.

அன்றைக்குத்தான் அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் கை ராசி அமெரிக்கா வரிக்கும் போவுதே சார்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த நிலைமையில் செல்வி மெஸ் திறந்தாள். மலைக்காரப் பெண். பரோட்டாவுக்குப் பேர்போன பழைய மெஸ்ஸுக்கு நேர் எதிரே சாமைச் சோறு, கொள்ளு ரசம் என்று போர்டு வைத்தாள். இது ஓடாவிட்டால் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுக் கீழே ஷூ கம்பெனி வேலைக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. திறப்பதற்கு முந்தின நாள் என்னைத் தேடி ஆபீசுக்கே வந்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க டிரைவரு மட்டும் மொதல்ல வந்துடக் கூடாது."

நான் சொன்னேன். போணி அண்ணன் "சரி சார்" என்றார். அவ்வளவுதான். கடை திறந்ததிலிருந்து தினமும் மதியம் அதற்கு எதிரே ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை. "ஒரு சான்ஸ் போச்சு" என்றார். ரெண்டாம் நாள் ரெண்டு பேர் வந்து, பரோட்டா உண்டா என்று கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனார்கள். மூன்றாம் நாள் மழை, மத்தியான பஸ்ஸே மலை ஏறவில்லை. ஆக்கிய சோறெல்லாம் மாட்டுக்குப் போயிற்று. "இன்னும் ஒண்ணு கீது சார்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

நாலாம் நாள் மத்தியானம் நான் பழைய மெஸ்ஸுக்குப் போகிற வழியில் ஜீப் பக்கத்தில் நின்றபோது, செல்வி வாசலுக்கு வந்து ஜீப்பைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னாத்துக்குண்ணா அங்கயே குந்திகினு கீறீங்க? நாளைக்கு எப்டியும் மூடப் போறேன். நீங்களே வந்து சாப்டுங்க."

வாழ்நாள் முழுக்க அழைக்காத கடைக்கெல்லாம் போன மனுஷன் அன்றைக்கு ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "வேணாம்மா. உன் கடைக்கு என் கை வேணாம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சுரீர் என்றது. இந்த மூன்று நாளும் நான் எங்கே சாப்பிட்டேன்? பழைய மெஸ்ஸில். யாராவது முதலில் போகட்டும் என்று ஊரோடு ஊராக நானும்தான் காத்திருந்தேன். போணி அண்ணனைக் கேலி பேசினேனே தவிர, ஒரு கடைக்காவது முதல் ஆளாகப் போனதில்லை. வெட்கமாக இருந்தது. ரோட்டைக் கடந்து போய், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இலை போடச் சொன்னேன். சோறு சூடாக இருந்தது, ரசம் மூக்கில் ஏறியது.

நான் ரெண்டு வாய் சாப்பிடும் வரை காத்திருந்து, போணி அண்ணன் குடுகுடுவென்று ஓடி வந்தார். "போணி ஆய்ட்ச்சா சார்? ஆய்ட்ச்சில்ல?" என்று ரெண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று தடவை சோறு வாங்கினார். அந்த நேரம் பார்த்து திருப்பத்தூர் பஸ் வந்து நின்றது. டிரைவர் சாப்பிடுகிற கடைக்குத்தான் டிரைவர் போவார் என்பது மலைப்பாதைச் சட்டம். காக்கிச் சட்டை ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து பஸ் டிரைவர் இறங்கி வந்தார். அவர் பின்னால் கண்டக்டர், அவர் பின்னால் பாதி பஸ். சோறு பத்தாமல் செல்வி மறுபடி உலை வைத்தாள்.

"ரெண்டாவது ஆளா போறது இவ்ளோ ஜோரா இருக்கும்னு தெரியாமப் போச்சே சார்" என்றார் போணி அண்ணன், கை கழுவிக்கொண்டே.

நான் மாறுதலாகித் திருப்பத்தூர் வந்துவிட்டேன். மெஸ் ஓடுகிறது, செல்வியின் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். போன வாரம் போணி அண்ணன் போன் செய்தார்.

"சார், அமெரிக்காவுல புதுசா இன்னொரு லீக் வருதாம்."

"இதாவது நிக்குமா அண்ணா?"

"நிக்கும் சார். பெரிய லீக்கு முடிஞ்சி, ஜனம் பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம குந்தினு கீற மாசமா பாத்து வெக்கிறான். பெரியவன் போடற பரோட்டாவையே இவனும் போட்டா வேலைக்காவாது. சாமைச் சோறு போட்டான்னா நிக்கும்." கொஞ்சம் தயங்கினார். "ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. மொத ஆட்டம் அன்னிக்கி நீங்க மொதல்ல தொறந்து பாருங்க. பாத்துட்டு ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் ரெண்டாவதா வர்றேன்."

அந்த ஆட்டத்தில் பந்து யார் கையில் இருக்கிறது என்பதே எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. ஆனாலும் முதல் ஆட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே ஐந்தரை மணி அலாரம் வைத்துவிட்டேன். பனியில், தண்ணி டேங்க் அடியில், டீயும் கையுமாக அவர் என் மிஸ்டு காலுக்காக உட்கார்ந்திருப்பார். அவரைக் காக்க வைக்க எனக்கு மனசு வராது.