மாமனார் காதில் மினுக்கிய விளக்கு

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். சாய்வு நாற்காலியில் மாமனார், இரண்டு காதிலும் இயர்போன். அவருக்கு எதிரே பீன்ஸ் நறுக்கியபடி மாமியார். மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். சோபாவில் துணி மடிக்கும் மனைவி. மேசையருகே பேனாவும் வியர்வையுமாக மாப்பிள்ளை.

மாமனார் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. முக்கியமான சமாச்சாரம் காகிதத்தில்தான் போக வேண்டும் அவருக்கு. விலையுயர்ந்த இயர்போன் அனுப்பிய மகனுக்கு நன்றிக் கடிதம். அவர் சொல்ல, மாப்பிள்ளை எழுதவேண்டும்.

இயர்போன் வந்த அன்றே மாப்பிள்ளை வாயைக் கொடுத்திருந்தார்: "நாப்பதுல ஒரு பங்கு விலைக்கு இதே சத்தம் கிடைக்கும் மாமா."

"உங்களுக்குக் காது இருக்கு மாப்பிள்ளை. ரசனைதான் இல்லை."

ரோஷம் தாங்காமல், ஒப்பிட்டுப் பார்க்க முந்தாநாள் அதைச் சொல்லாமல் எடுத்தார். பையில் இருப்பதை மறந்து, சட்டையோடு சலவை இயந்திரத்தில் போட்டார். உலர்த்தலாமென்று ஹேர் டிரையரைக் காட்டினார்; ரப்பர் உருகி வழிந்தது. கடைக்கு ஓடி அதே கறுப்பில் மலிவான ஜோடி வாங்கிப் பழைய டப்பியில் வைத்தார். அதிலோ நீல விளக்கு ஓயாமல் மினுக்கியது. மனைவியின் கண்மையை எடுத்து அதன்மேல் அப்பினார். இப்போது அந்த மை அழிந்து மாமனாரின் காது மடலில் கருப்பாக ஒரு தீற்றல்; நடுவே மறுபடி நீல மினுக்கல்.

"எழுதுங்க. புல்லாங்குழல்காரர் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்குது. முற்றுப்புள்ளி."

மாப்பிள்ளையின் பேனா நின்றது. வாதத்தில் ஜெயித்துவிட்டார்; வெளியே சொல்லத்தான் வழியில்லை.

"சொல்லித் தொலைச்சிடுங்களேன்," என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"உங்கப்பா ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாரே!"

"அடுத்த பத்தி," என்றார் மாமனார். "மலிவு சரக்கை இதோட ஒப்பிடறவங்க காதைக் கழுவிக்கணும். மாப்பிள்ளையும் ஒத்துக்கிட்டார். அவருக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி அனுப்பவும்."

அது வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்களோடதைத் துவைச்சிட்டேன். இது நான் வாங்கின மலிவு சரக்கு."

மாமனார் கண்ணை மூடித் தலையாட்டினார். "என்ன துல்லியம்!"

"மாமா! துவைச்சிட்டேன்!"

"இப்படிக்கு, அப்பா. முற்றுப்புள்ளி."

மாமியார் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "எதுக்குத் தொண்டை கிழியக் கத்தறீங்க மாப்பிள்ளை?"

"பாட்டுல மூழ்கிட்டார் அத்தை."

"எந்தப் பாட்டு? அதை ப்ளூடூத்துல போனோட சேர்த்தாத்தானே பாட்டு! சேர்க்காததாலதான் உங்க விளக்கு அப்படி மினுக்குது. நான் பேசறது காதுல விழக்கூடாதுன்னு அடைச்சு வெச்சிருக்கார். முன்னாடி பஞ்சு, இப்போ இது."

இரண்டு நாளாக மாப்பிள்ளையின் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. மனைவி மடித்த துணியில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளை விட்டதை எழுதி முடித்ததும், மாமியார் கடிதத்தை மடித்து உறையிலிட்டு, பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். ஒட்டியதை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

"ஓடிப்போய்ப் பெட்டியில போட்டுட்டு வாங்க. அந்தப் புது ஜோடி வந்ததும் என்கிட்டக் குடுத்துடுங்க. உங்க மாமா குறட்டை விடறப்போ எனக்கும் துல்லியம் வேணும்."