ஒரு பர்லாங் பார்த்தவர்

வழி தெரிந்தவர், வழி தெரியாதவர் என்று மனிதர்களில் இரண்டே வகை உண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மூன்றாவது வகையை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை. அவர் வழியில் ஒரு பர்லாங் போய்ப் பார்த்தவர். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மீதி ஒன்பது மைலுக்கும் சேர்த்து, "சும்மா ஈஸிப்பா" என்று சொல்லிவிடுகிறவர். சுலபக்காரர் என்று அவருக்குப் பெயர் வைப்போம்.

சுலபக்காரரை எங்கே பார்க்கலாம் என்று கேட்கிறீர்களா? எங்கேதான் பார்க்க முடியாது? பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவனிடம் "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பவர் அவர். அவருடைய முப்பத்திரண்டு பல்லும் பத்திரமாக வாயிலேயே இருக்கும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது பத்து நிமிஷ வேலை என்பார். தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணைக்கூட விடமாட்டார். ஆணாகப் பிறந்த தைரியத்தில் அங்கேயும் ஈஸிதான்.

திருமுல்லைவாயிலில் எத்திராஜ் என்று ஒருவர் இருந்தார். இந்த இனத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு இன்ஸ்பெக்டர் வேலை. போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, போல்ட் இன்ஸ்பெக்டர். பெட்டியில் ஐநூறு போல்ட் வந்தால் மேலாக ஐந்தை எடுத்து அளவு பார்ப்பார், ஐந்தும் சரியென்றால் பெட்டியின் மேல் பச்சை பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார், பெட்டி பாஸ். போல்ட்டுக்கு இது நியாயமான முறைதான், ஒன்றைப் போலத்தான் இன்னொன்றும் இருக்கும். பதினெட்டு வருஷம் இப்படிப் பொட்டு வைத்துப் பழகியவருக்கு உலகமே ஒரு போல்ட்டுப் பெட்டியாகத் தெரிய ஆரம்பித்ததுதான் கோளாறு. ஒரு திராட்சையை வாயில் போட்டுக் கூடையையே விலை பேசுவார். இடைவேளையோடு எழுந்து வந்த படத்துக்குத் தெருவையே அனுப்பி வைப்பார்.

பக்கத்து வீட்டு ஜோசப்ராஜைக் கேளுங்கள். அவரும் அவர் மனைவி ஆரோக்கியம்மாளும் ஒரு வருஷம் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்தே போவதாக வேண்டிக்கொண்டார்கள். "இது ஒரு நடையா மச்சான்? காத்தாடப் போய்டலாம்" என்று தைரியம் சொன்ன எத்திராஜ், பாடி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்து, அங்கே பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பி, தூங்கிவிட்டார். ஆரோக்கியம்மாள் பத்து நாள் வெந்நீர்ப் பாத்திரத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் எத்திராஜ் ஒரு மலை சைக்கிள் வாங்கினார். தடித்த டயர், நேரான கைப்பிடி, ஆறு கியர். ஜோசப்ராஜையும் ஒன்று வாங்க வைத்தார். சைக்கிள் வந்துவிட்டது, மலைதான் இல்லை. அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரை தேடினாலும் ரயில்வே மேம்பாலத்தைத் தவிர மேடென்று சொல்ல ஒன்றும் கிடையாது. அந்த வருஷம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. நாலு நாள் விடுமுறை. "ஏலகிரிக்குப் போறோம். புதுசா ஓட்றவங்களுக்குன்னே அங்க நல்ல வழி கீது, நான் விசாரிச்சிட்டேன்" என்று அறிவித்தார். விசாரித்தது கம்பெனி கேன்டீனில், ஏலகிரிக்கு எப்போதோ கல்யாணத்துக்குப் போய்வந்த ஒருவரிடம்.

புதிதாக ஓட்டுகிறவள் அவருடைய மனைவி நாகவல்லி. நாகவல்லிக்கு முப்பத்தாறு வயதில் நூம்பல் பால்வாடியில் ஆயா வேலை கிடைத்திருந்தது. விடுமுறை முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ்ஸில் போனால் ஊரைச் சுற்றி இரண்டு பஸ். சைக்கிளில் போனால் அயப்பாக்கம் வழியாக முக்கால் மணி நேரம். அதனால் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, ஒரு மாதமாக ஏரிக்கரை மைதானத்தில் பழகிக்கொண்டிருந்தாள். வேலை நிலைக்க வேண்டுமென்றால் சைக்கிள் நிலைக்க வேண்டும். நூம்பல் ரோட்டுக்கு எத்திராஜ் எப்போதோ பச்சைப் பொட்டு வைத்தாகிவிட்டது: "ஈஸியான ரோடும்மே. கண்ண மூடிக்கினு போலாம்."

கிளம்புகிற வாரம் முழுக்க நாகவல்லி அதிகம் பேசவில்லை. மலைக்குப் போகிற சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று எத்திராஜ் பாஸ் செய்துவிட்டார்.

ஆரோக்கியம்மாள் மட்டும் வர மறுத்துவிட்டாள். "உன் ஃபிரண்டு ஈஸின்றாரா? அப்பவே எனக்குக் காலு எரியுது. நீ போ, நான் ஊட்லயே கீறேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். ஆக மூன்று பேர், மூன்று சைக்கிள். பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுக்கக் கூடாதென்று வெள்ளிக்கிழமை காலை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, சந்தனம் குங்குமத்தோடு ரயிலின் லக்கேஜ் பெட்டியில் போட்டு, பிறகு பஸ்ஸின் தலையில் கட்டி, சாயங்காலம் மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் எத்திராஜ் தனியாக வழி பார்க்கக் கிளம்பினார். விடுதிக்குப் பக்கத்தில் அய்யாசாமி என்பவரின் டீக்கடை. அதைத் தாண்டித் தைல மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை, சாணி மெழுகிய வாசல் போலச் சமமாகக் கிடந்தது. ஒரு பர்லாங் போனார். குளுகுளுவென்று இருந்தது. திரும்பி வந்து டீ சொன்னார்.

"இன்னா நைனா, இந்த வழி எங்க போவுது?"

"ஓடைக்குப் போவுதுங்க."

"சைக்கிள் போவுமா?"

அய்யாசாமி யோசித்தார். அந்தப் பாதையில் யாரும் சைக்கிள் விட்டு அவர் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. "நம்ம ஆடெல்லாம் தெனம் போவுதுங்களே" என்றார்.

போதாதா? ஆட்டுக்கு நாலு கால் என்பதையோ, அது சைக்கிளில் போவதில்லை என்பதையோ நினைத்துப் பார்க்கிற ஆளா நம் எத்திராஜ்?

எட்டு மணிக்கு மூவரும் புறப்பட்டார்கள். முதல் பர்லாங்கில் எத்திராஜின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பாதையைத் தானே வெட்டிப் போட்டவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை விட்டுவிட்டு, நிமிஷத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பி, "இன்னாமே, சொன்னேனா இல்லியா?" என்றார். நாகவல்லி தலையை மட்டும் ஆட்டினாள்.

பர்லாங் முடிந்தது. பாதை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியது. அதற்கப்புறம் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கிடுகிடுவென்று ஓடைக்கு இறங்கும் சரிவு. அதில் மழை அரித்த பள்ளம், பள்ளத்தில் கூழாங்கல், கல்லுக்கு நடுவே பாம்பு பாம்பாக மர வேர். ஜோசப்ராஜ் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றிவிட்டார்.

"மச்சான், நான் எறங்கிட்டேன்."

"எறங்காத மாமே! இந்த எடம் மட்டுந்தான். அந்தாண்ட போனா ஈஸி!"

நாகவல்லியும் இறங்கிவிட்டாள். எத்திராஜுக்கும் இறங்கத்தான் ஆசை. ஆனால் சுலபக்காரரால் இறங்க முடியாது. இறங்கினால் வழி கஷ்டம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே! மாதாவையும் முருகனையும் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டு சரிவில் விட்டார். சைக்கிள் பத்தடி அவர் பேச்சைக் கேட்டது. அதற்கப்புறம் அது ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து இரண்டு செருப்பில்லாத கால்கள் மட்டும் தெரிந்தன.

ஜோசப்ராஜ் ஓடிப்போய் இழுத்து நிறுத்தினார். முழங்கை தேய்ந்து ரத்தம், கன்னமெல்லாம் முள் கீறல், பேன்ட் கிழிந்த இடத்தைச் சொல்லாமல் விடுகிறேன். நாகவல்லி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். திட்டப் போகிறாள் என்று எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை.

"இது ஈஸியா?" என்று கேட்டாள்.

"கல்லு கொஞ்சம் வழுக்கி வுட்ருச்சிம்மே..."

"அத்த கேக்கல. நெசமா சொல்லு. இது ஈஸியா?"

ஜோசப்ராஜ்தான் சொன்னார்: "இல்லம்மா. கஷ்டம். ரொம்பக் கஷ்டம்."

நாகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. கல்லின் மேல் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நூம்பல் ரோட்ட நீ எது வரைக்கும் பாத்த?" என்றாள்.

"அயப்பாக்கம்... அந்த வளைவு வரைக்கும்."

"போன ஞாயித்துக்கெழம நீ ஓவர்டைம் போனப்ப, நான் ஒண்டியா அந்த ரோட்ல ஓட்டிப் பாத்தேன். வளைவுக்கு அப்பால முழுக்க மணலு. அங்க ஒருவாட்டி வுழுந்தேன். கொட்டி வெச்ச ஜல்லில ஒருவாட்டி வுழுந்தேன். எரும மாடு கூட நின்னு பாத்துச்சி. உன்கிட்ட சொல்லல. கண்ண மூடிக்கினு போற ரோட்லயே வுழறவ, நாப்பது புள்ளைங்கள இன்னா மேய்க்கப் போறேன்னு நெனச்சேன். வேலைக்கு வரலைன்னு லெட்டர் எழுதிப் பையில வெச்சிகினு கீறேன்."

எத்திராஜுக்கு முழங்கையை விட இந்த வார்த்தைதான் எரிந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் பாஸ் செய்த பெட்டி அவர் கைக்கே திரும்பி வந்திருக்கிறது. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தைரியம் கொடுப்பதாகத்தான் நினைத்தார். அந்தத் தைரியம் போய்ச் சேர்ந்த இடத்தில் அது என்னவாக மாறியது என்பதை அவள் அழுகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"நூம்பலுக்குப் போவ வாணாம்மே" என்றார்.

"ஏன் போவாம? திங்கக்கெழம போறேன்." நாகவல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அது கஷ்டமான ரோடு. இப்பத் தெரிஞ்சிபோச்சி. அம்மாம் கஷ்டமான ரோட்ல நான் ரெண்டே வாட்டிதான் வுழுந்து கீறேன்."

சைக்கிளைத் திருப்பி மேட்டில் தள்ளிக்கொண்டு போனாள். பாறை தாண்டிச் சமதரை வந்ததும் யாரையும் எதிர்பார்க்காமல் ஏறி மிதித்தாள். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். முதல் வாரத்தில் இன்னும் ஒரு தடவை விழுந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைச் சத்தமாகவே சொன்னாள்.

எத்திராஜ் திருந்திவிட்டாரா? மூன்று வாரம் 'ஈஸி' என்ற வார்த்தையைத் தொடவில்லை. நாலாவது வாரம் ஜோசப்ராஜ் திருப்பதி மலையை நடந்து ஏறலாமா என்று கேட்டபோது உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

எத்திராஜை நினைத்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, நம்புகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். போன மார்ச்சில் தங்கை மகள் கணக்குப் பரீட்சைக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று என்ன சொன்னீர்கள்? ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் அந்த ஃபைல் கட்டைத் தள்ளியபோது? அவர்களில் யாராவது பிறகு உங்களிடம் வந்து, என்னால் முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லவில்லையே. அதனால் எல்லோருக்கும் அது சுலபமாகவே முடிந்துவிட்டது என்றுதானே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?