மாமியாரின் வானவில் மீன்

தொட்டியில் மீன் இல்லை.

மாப்பிள்ளை கண்ணாடியில் மூக்கு சப்பையாகும்வரை அழுத்திப் பார்த்தார். கல் இருந்தது, பவளம் இருந்தது, மணல் இருந்தது. மாமியாரின் செல்லம் மட்டும் மாயம்!

மூத்த மகளின் பிரசவத்துக்கு மாமியார் கிளம்ப, இரண்டு நாள் கழித்து மாமனாரும் சாவியை இவர் கையில் திணித்துவிட்டு பஸ் ஏறியிருந்தார். ஏற்கெனவே அத்தையின் ரோஜாச் செடியைத் தண்ணீர் ஊற்றியே கொன்ற புண்ணியவான் இவர்.

"மீனும் போச்சுன்னா, எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதீங்க மாப்பிள்ளை" என்று மாமியாரிடமிருந்து போனில் உத்தரவாகியிருந்தது.

மீன் கடைக்குப் பறந்தார்.

"எப்படி சார் இருக்கும்?"

"பச்சை உடம்பு, ஊதா மூஞ்சி, மஞ்சள் வால். எங்க மாமா கல்யாணத்துக்குப் போட்டுட்டு வந்த சட்டை மாதிரி."

"கன்னத்துல கோடா, புள்ளியா?"

"சட்டைக்கு ஏதுங்க கன்னம்?"

"மீனுக்கு சார்!"

"கோடு. என்னைப் பார்த்து இளிக்கிற மாதிரி."

"வானவில் மீன்!" கடைக்காரர் வலையை எடுத்தார்.

கொண்டுவந்து விட்டார். தீனி டப்பாவை எடுத்துத் திரும்புவதற்குள் அந்த மீனையும் காணோம்.

மறுநாள் ஆபீஸ் விட்டு இருட்டியபின் வந்தால், அப்போதும் தொட்டி காலி. பக்கத்து வீட்டுப் பூனைதான்! இன்னொன்று வாங்கி விட்டு, மூடிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். அதுவும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

"பூனை இஸ்திரிப் பெட்டியை இறக்கி, மீனைத் தின்னுட்டு, மறுபடி ஏத்தி வெச்சிடுச்சா?" என்றாள் மனைவி.

"படிச்ச பூனைடி."

ஞாயிறு காலை மாமியாரும் மாமனாரும் வந்து இறங்கினார்கள். மாமியார் நேரே தொட்டிக்குத்தான் போனார். மாப்பிள்ளை மெல்லச் சுவரோரம் ஒதுங்கினார்.

"திரையை இழுத்து மூடி வெச்சா இது எப்படி எந்திரிக்கும்?"

சன்னல் திரை விலகியது, வெயில் விழுந்தது. மணல் குலுங்கி, ஓர் ஊதா மூஞ்சி எட்டிப் பார்த்தது.

"இருட்டினா மண்ணைப் போத்திக்கிட்டுத் தூங்கும், சோம்பேறிக் கழுதை" என்று கொஞ்சியவர், சட்டென்று நிறுத்தினார். பக்கத்தில் இன்னொரு மூஞ்சி. அப்புறம் இன்னொன்று.

"காணோம்னு பயந்து மூணு வாங்கிட்டேன் அத்தை!" மாப்பிள்ளை காலில் விழாத குறை.

மாமியார் விரல் நீட்டி எண்ணினார். ஆறு.

"உங்களுது மூணு, என்னுது ஒண்ணு. சரி மாப்பிள்ளை," என்றவர் மெல்ல வாசலில் நின்ற மாமனார் பக்கம் திரும்பினார். "மிச்சம் ரெண்டை வாங்கினவர் ஏன் பெட்டியை மறுபடி தூக்குறாராம்?"