சிவக்கொழுந்தின்ரை நாலு பரப்பு

இனிமேல் சில்லறைக் கடன் வாங்கிறேல்லை எண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலமை நான் தீர்மானம் எடுத்தன். வாங்கினால் பெருங்கடன். இல்லாட்டிக் கடனே வேண்டாம்.

தீர்மானத்துக்குக் காரணம் இருக்குது. சில்லறைக் கடன் தர ஊரிலை ஒருத்தரும் மிச்சமில்லை.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடை, நான் கிளாக்கராய் இருந்த தொழிற்சாலையைப் பூட்டிப்போட்டாங்கள். ரெண்டு வருசமாய் வேலை இல்லை. ஆனால் பஞ்சலிங்கம் சும்மா இருந்தான் எண்டு ஆரும் சொல்லக்கூடாது. சுன்னாகச் சந்தையிலை வெங்காயம் மலிஞ்ச நேரம் கடன்பட்டுப் பத்து அந்தர் வாங்கி அறைக்குள்ளை கட்டித் தொங்கவிட்டன், விலை ஏற விப்பமெண்டு. விலை ஏறினது உண்மை. அதுக்கு முதல் வெங்காயம் அழுகினதும் உண்மை. பிறகு கடன்பட்டுக் கோழி வளத்தன். கோழிக்கு வருத்தம் வந்து எல்லாம் செத்துது. அதோடை எனக்குக் கடன் தந்தவைக்கும் வருத்தம் வந்தது.

இப்ப கூட்டுறவுக் கடை மனேஜர் என்னைக் கண்டால் கடைக் கதவைச் சாத்திறார். தலைமயிர் வெட்டிறவர் முதலிலை காசு, பிறகுதான் கத்திரிக்கோல் எண்டுறார். பாதிக் காசு குடுத்தால் பாதித் தலைதானாம். எதிரிலை சைக்கிளிலை வாறவை என்னைக் கண்டதும் பக்கத்து ஒழுங்கைக்குள்ளை இறங்கினம். ஒழுங்கை இல்லாத இடத்திலை வேலிக்குள்ளை இறங்கினம்.

பெருங்கடன் ஏனெண்டு கேப்பியள். சவுக்காரம்! பொருளாதாரத் தடையாலை ஊரிலை சவுக்காரம் கண்ணிலை காணக் கிடைக்குதில்லை. சனம் பனம்பழத்தைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்க்குது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டிலை இறங்கினால் மாடு பின்னாலை வருது. இந்த நேரம் தேங்காயெண்ணெயிலை சவுக்காரம் காய்ச்சிறவன் ராசா. ராசா ஆக எனக்கு இருபதினாயிரம் ரூபா வேணும்.

அச்சுவேலியிலை கனகரத்தினத்தார் எண்டு ஒரு பென்சன்காரர் காசு குடுக்கிறவர். அண்டைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனன்.

"உமக்கு இப்ப வேலை?" எண்டார்.

"இல்லை அண்ணை."

"நகை நட்டு?"

"இருந்தது."

"அப்ப உம்மட்டை என்னதான் இருக்கு?"

"சவுக்காரம் காய்ச்சிற மூளை இருக்கு அண்ணை."

"அதை ஈடு வாங்கி நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

அவர் ஒரு வெத்திலையை மடிச்சு வாயிலை போட்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"உம்மடை மனுசியின்ரை சீதனக் காணி நாலு பரப்புக் கிடக்குதெல்லே? செம்பாட்டுத் தோட்டம். அதை ஒற்றிக்கு எழுதித் தாரும். வட்டி ஒரு சதமும் வேண்டாம். நீர் காசைத் திருப்பித் தருமட்டும் தோட்டத்து விளைவு எனக்கு."

எனக்குச் சந்தோசத்திலை கண் தெரியேல்லை.

எங்கடை தேசவழமைச் சட்டத்திலை ஒரு அழகு இருக்குது. சீதனக் காணி மனுசியின்ரை. புருசன் அதிலை ஒரு புல்லுப் புடுங்க ஏலாது. ஆனால் அந்தக் காணியை மனுசி ஆருக்கும் எழுதிறதெண்டால் புருசன் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கவேணும். அந்த ஒரு கையெழுத்துத்தான் என்ரை மிச்சச் சொத்து.

மனுசி சிவக்கொழுந்து அந்தத் தோட்டத்தைத் தன்ரை பிள்ளை மாதிரிப் பாக்கிறவள். விடிய எழும்பித் தண்ணி இறைச்சு, மிளகாயும் கத்தரியும் வெங்காயமும் நட்டு, ரெண்டு வருசமாய் வீட்டிலை அடுப்பெரியிறது அதாலைதான். மகள் மீனாம்பிகைக்குப் பத்து வயது. அவளுக்கு நாளைக்குக் குடுக்க இருக்கிறதும் அதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. ரெண்டு போகத்திலை மீட்டுக் குடுத்தால் ஆருக்குத் தெரியப்போகுது எண்டு நினைச்சன்.

ஒற்றி எண்டு சொன்னால் சிவக்கொழுந்து மண்வெட்டியோடை வருவாள். அதாலை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு நிறையச் சாப்பிட்டுப்போட்டு, வலு சாதாரணமாய்த் தொடங்கினன்.

"இஞ்சரும், உந்தத் தோட்டத்து உறுதிப்பத்திரம் எங்கை?"

"பெட்டகத்துக்குள்ளை. ஏனப்பா?"

"கிழக்கு வேலி அரையடி உள்ளுக்கை வந்திட்டுது. உறுதியிலை எல்லையைத் திருத்தி எழுதவேணும்."

"கிழக்கு வேலி அடைச்சது நீங்கள்தானே?"

"அதுதானே சொல்லுறன், பிழைச்சுப்போச்சு."

"ஆர் எழுதிறது?"

"நொத்தாரிசு முருகேசர். நீர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. அலுவல் முடிஞ்சுது."

"வைக்காட்டி?"

"காணி கையை விட்டுப் போயிடும்."

"ஐயோ, காணி போகக்கூடாதப்பா! நான் வைக்கிறன். நீங்களும் கட்டாயம் வைப்பியள்தானே?"

"வைக்காமல்? இது என்ரை கடமையெல்லே!"

"சத்தியமாய்?"

"சத்தியமாய்."

கையைத் துடைச்சுக்கொண்டு போய் உறுதியை எடுத்துத் தந்தாள். பன்னிரண்டு வருசக் குடித்தனத்திலை, நான் சொன்ன ஒண்டுக்கு அவள் சண்டை பிடிக்காமல் ஓம் எண்டது அண்டைக்குத்தான். மூளை உள்ள மனுசன் அந்த இடத்திலையே பயந்திருக்கவேணும். நான் மீசையைத் தடவினன்.

இன்னுமொரு சிக்கல் இருந்தது. உறுதி எழுதினால் நொத்தாரிசு அதை வாசிச்சு விளங்கப்படுத்துவார். வாசிச்சால் "ஒற்றி" எண்ட சொல்லு வரும். ஆகவே திங்கட்கிழமை சுன்னாகத்திலை முருகேசரைத் தனியச் சந்திச்சு, உறுதியைக் குடுத்து, ஒற்றி எழுதச் சொன்னன்.

"ஐயா, கையெழுத்து வைக்கேக்கை வாசிக்க வேண்டாம். மனுசிக்கு உறுதித் தமிழ் கேட்டால் தலை சுத்தும்."

"வாசிக்கவேணும் எண்டுதான் முறை. நீங்கள் ரெண்டுபேரும் உங்களுக்கு விளங்கும், தேவையில்லை எண்டு சாட்சிகளுக்கு முன்னாலை சொன்னால் விடலாம்."

"சொல்லுவம் ஐயா, வடிவாய்ச் சொல்லுவம்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாலை என்னைப் பாத்தார். "பிறகு என்னைக் குறை சொல்லப்படாது" எண்டார். நான் பெரிய மனுசன் மாதிரிச் சிரிச்சன்.

வியாழக்கிழமை சிவக்கொழுந்தைச் சைக்கிள் கரியரிலை ஏத்திக்கொண்டு போனன். நல்ல சீலை உடுத்திருந்தாள். அங்கை போனால் அவளின்ரை தமையன் பரமலிங்கம் முதலே வந்து கதிரையிலை இருக்கிறார்.

"மச்சான், நீங்கள் ஏன் இஞ்சை?"

"சாட்சிக்கு நான்தான் கூப்பிட்டனான்" எண்டாள் சிவக்கொழுந்து. "எல்லை விசயமெல்லே?"

மற்றச் சாட்சிக் கதிரையிலை கனகரத்தினத்தார். மனுசிக்குச் சந்தேகம் வராமல் சாட்சி மாதிரி இருக்கிறார் எண்டு நினைச்சு நான் கண்ணைச் சிமிட்டினன். அவர் பதிலுக்கு இருமினார். கையெழுத்து முடிய வெளியாலை கூப்பிட்டுக் காசைத் தருவார் எண்டு நினைச்சுக்கொண்டு அவரின்ரை வேட்டி மடியைப் பாத்தன். மடி புடைச்சுக்கொண்டுதான் இருந்தது.

முருகேசர் உறுதியை விரிச்சுத் தொண்டையைச் செருமினார். "வடமாகாணம், யாழ்ப்பாண மாவட்டம், வலிகாமம்..."

"ஐயா! வாசிக்க வேண்டாம் எண்டெல்லே சொன்னனான்!"

"வாசிக்கட்டுமேனப்பா" எண்டாள் சிவக்கொழுந்து. "கேட்டுப்போட்டு வைப்பம்."

"உமக்கு விளங்காது."

"உங்களுக்கு?"

"எனக்கு அது மனப்பாடம்."

முருகேசர் பேனையைக் கையிலை தராமல் கேட்டார். "அப்ப உமக்கும் வாசிக்கத் தேவையில்லை?"

"ஒரு எழுத்தும் தேவையில்லை."

"சாட்சிகள் கேட்டியள்தானே?"

"கேட்டம், கேட்டம்" எண்டார் மச்சான். அவ்வளவு சந்தோசமாய் அவர் என்ரை கலியாணத்திலையும் இருக்கேல்லை.

சிவக்கொழுந்து வைச்சாள். நான் வைச்சன், கீழை ஒரு பெரிய வாலும் இழுத்து. மச்சானும் கனகரத்தினத்தாரும் வைச்சினம். முருகேசர் முத்திரையைக் குத்தினார். நான் கனகரத்தினத்தாரின்ரை காதுக்குள்ளை குனிஞ்சன்.

"அண்ணை, வெளியாலை போவமே?"

"ஏன் தம்பி?"

"காசு..."

"என்ன காசு?"

"ஒற்றிக் காசு அண்ணை!"

பதட்டத்திலை சத்தம் கூடிப்போச்சு. கனகரத்தினத்தார் மடியை அவிழ்த்து வெத்திலைப் பையை வெளியிலை எடுத்தார்.

"ஒற்றியோ? ஆரின்ரை காணியை?" எண்டு கேட்டாள் சிவக்கொழுந்து.

முருகேசர் உறுதியை என்ரை பக்கம் தள்ளினார். "இப்ப வாசிச்சுப் பாரும்."

வாசிச்சன். நன்கொடை உறுதி. நாலு பரப்பும் மகள் மீனாம்பிகைக்கு. தாய் சிவக்கொழுந்துக்குச் சீவிய உருத்து, உயிரோடை இருக்குமட்டும் விளைவு அவளுக்கு. பிள்ளைக்காக மாமன் பரமலிங்கம் ஏற்றுக்கொள்ளுறார். புருசன் பஞ்சலிங்கம் பூரண சம்மதம். கீழை என்ரை வால்.

"குறை நினைக்காதையும் தம்பி" எண்டார் கனகரத்தினத்தார். "உம்மடை பேருக்குக் காசு குடுக்கிறதெண்டால் காணிக்காரியை ஒரு சொல்லுக் கேளாமல் குடுக்க எனக்கென்ன விசரே? சனிக்கிழமை நீர் சந்தைக்குப் போன நேரம் வந்து கேட்டனான்."

"நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தனான்" எண்டாள் சிவக்கொழுந்து. "மூண்டு வருசமாய்ப் பிள்ளையின்ரை பேருக்கு எழுதுவமெண்டு சொல்லுறன். பாப்பம் பாப்பம் எண்டு இழுத்தடிச்சியள். இப்ப நீங்களாய் வந்து கையெழுத்து வைக்கிறனெண்டு சத்தியம் பண்ணினால் விடுவனே? செவ்வாய்க்கிழமை வந்து ஐயாவோடை கதைச்சனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் சொன்னியளே?" உறுதியைத் தன்ரை பக்கம் இழுத்தாள். "அந்தத் தோட்டமும் போனால் என்ரை பிள்ளைக்கு என்னத்தைப் போடுறது? சவுக்காரத்தைக் கரைச்சுப் பருக்கிறதே?"

எனக்கு வெக்கமாய்த்தான் கிடந்தது. அவள் சொன்னது அவ்வளவும் சரி. அதுதான் இன்னும் கோவமாய் இருந்தது.

முருகேசர் பேனையை மூடினார். "என்ரை கூலி, முத்திரைச் செலவு எல்லாம் அறுநூற்றைம்பது."

நாலுபேரும் என்னைப் பாத்தினம்.

"என்னை ஏன் பாக்கிறியள்?"

"வேலை கொண்டுவந்து தந்தது நீரெல்லே" எண்டார் முருகேசர்.

மடியைத் தடவினன். ஏழு ரூபா இருந்தது. அப்ப சிவக்கொழுந்து பேர்ஸைத் திறந்து, அறுநூற்றைம்பதை எண்ணி என்ரை உள்ளங்கையிலை வைச்சாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. என்ன இருந்தாலும் தாலி கட்டின மனுசியெல்லே! தலை நிமிந்து முருகேசரிட்டைக் குடுத்தன்.

"ஐயா, அப்பிடியே ஒரு கடன் துண்டும் எழுதுங்கோ" எண்டாள் அவள். "இவர் அடுத்த மாசம் எனக்குத் திருப்பித் தரவேணும்."

எழுதினார். இந்த முறை நான் ஒரு எழுத்து விடாமல் வாசிச்சன். எல்லாம் சரி. பிணையாளி எண்ட இடம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. மச்சானைத் திரும்பிப் பாத்தன். மச்சான் செருப்பையும் மறந்துபோட்டுப் படலையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.